பத்து மணி வரைக்கும்

பாலக்கோட்டில் பழைய எடைமேடைத் திடல்,
அறுபத்திரண்டு சென்ட்.
நான்தான் வரைந்தேன் அதை,
பேரூராட்சி அலுவலகத்தில் மின்விசிறி எட்டாத மூலையில்.
வாகன நிறுத்தம் நாற்பது.
கண்ணாடி முகப்பு வைத்த உணவுக்கடை பதினெட்டு.
நடுவில் அலங்கார நீரூற்று;
தண்ணீருக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை,
நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டமென்று நோட்டீஸ் ஒட்டினோம்.
வழக்கமாக ஏழு பேர் வருவார்கள்,
அதில் மூன்று பேர் ஒப்பந்தக்காரர்கள்.
அன்றைக்கு நூற்றுப்பத்து.
தக்காளி கிலோ நாலு ரூபாய்க்கு இறங்கிய வாரம்.
பறிகூலிக்குக் கட்டாதென்று
செடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

சுவரில் மாட்டிய தாளருகே வந்து
முகர்ந்து பார்ப்பவர்போல் பார்த்தார் தீர்த்தகிரி.
"இந்த நீலக்கோடு?"
மழைநீர் வடிகால் என்றேன்.
"தண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?
அது மேக்கால போவும், சம்சாத் வீட்டு வாசலுக்கு."
சம்சாத் பேகம் ஆமாம் என்று சொல்லவில்லை.
எழுந்து நின்று, முட்டிக்கு மேலே கையை வைத்து
அளவு காட்டினார்.

"இதுல என் கடை எதும்மா?"
நாகவேணிக்குக் கடை கிடையாது.
ஒரு மொபெட், இரண்டு தூக்கு,
கேவுருக் களி, மொச்சைக் குழம்பு.
நாலரைக்கு வந்தால் ஒன்பதுக்குள் காலி.
லோடு இறக்குகிறவர்கள் நின்றபடியே தின்னும் இடம்
என் தாளில் நீரூற்றின் வலது ஓரம்.
கடைக்கு முன்பணம் எவ்வளவு என்று கேட்டாள்.
செயல் அலுவலர் தொண்டையைச் செருமினார்.
ஒன்றரை லட்சம்.
யாரோ சிரித்தார்கள்,
அதில் கோபம்கூட இல்லை.

"தாள விடுங்க, திடலுக்கு வாங்க."
சொன்னது யாரென்று தெரியவில்லை.
எல்லோரும் போனோம், செயல் அலுவலர் குடையோடு.
அவரவர் இடத்தில் அவரவர் நின்றார்கள்.
நான் கோலமாவு பாக்கெட்டோடு ஓடி ஓடி
ஒவ்வொரு காலையும் சுற்றி வட்டம் போட்டேன்.
மாரண்டஅள்ளிக் கீரைக்காரி சின்னபாப்பாவும்
டெம்போ மாதேஷும்
ஒரே வட்டத்துக்குள் வந்து நின்றபோது
சண்டைதான் என்று நினைத்தேன்.
"நான் ஏழரைக்கெல்லாம் பஸ் ஏறிடுவேன்."
"நான் வர்றதே பத்துக்கு மேலக்கா."
அவ்வளவுதான்.
மூன்று வருடம் டிப்ளமோ படித்தேன்,
அளவுகோல், திசைக்குறி, சாய்மானம்;
நிலத்துக்குக் கடிகாரம் உண்டென்று
எந்தப் பாடத்திலும் இல்லை.

மறுபடி வரைந்தேன்.
குறியீட்டு அட்டவணையில் ஒரு கட்டம் கூடுதலாக: நேரம்.
பத்து மணி வரைக்கும் சந்தை,
காயும் கீரையும் களியும்; தரைவாடகை ஐந்து ரூபாய்.
பத்துக்கு மேல் வண்டிகள்.
கடை பதினெட்டு ஒன்பதானது,
அதில் இரண்டு மகளிர் குழுவுக்கு,
சுற்று வட்டாரத்துச் சாமைக்கும் மானாவாரிக் காய்க்கும்.
நீரூற்று போய்க் குடிநீர்க் குழாய் வந்தது.
மேலிடத்துப் பொறியாளர் போனில் கேட்டார்,
இதென்ன வரைபடமா, பஸ் அட்டவணையா?

எல்லாம் கிடைத்துவிடவில்லை.
லாரி திரும்ப இடம் வேண்டுமென்று
புங்கமரத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள்.
வெட்டலாம் ஐம்பத்து நான்கு, வேண்டாம் ஐம்பத்தொன்று.
அலுவலகத்து ஆட்களுக்கு ஓட்டு இல்லை.
இருந்தால் எந்தப் பக்கம் என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.
களி இப்போது வெயிலில் விற்கிறது.

முந்தாநாள் மழை.
வடிகாலுக்கு இன்னும் டெண்டர் முடியவில்லை.
டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.
தண்ணீர் மேற்கேதான் போய்க்கொண்டிருந்தது.
சம்சாத் பேகம் வாசலில் இறங்கி நின்றேன்:
என் முட்டிக்கு மேலே இரண்டு விரல்.
அவர் உள்ளிருந்து கேட்டார்,
"எழுதிக்கிட்டியா?"